விசுவாசம் தள்ளாடும்போதும் ஜெபிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஏரோது பேதுருவைச் சிறையில் அடைத்து, நான்கு நான்கு பேராக 16 சேவகரைக் காவல் வைத்திருந்தான். அந்த இரவில் மாற்குவின் தாய் மரியாளின் வீட்டில் அநேகர் கூடி அவருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். வாசற்கதவு தட்டப்படுகிறது. ரோதை என்ற பெண் போய்க் கேட்கிறாள். பேதுருவின் குரல்! சந்தோஷத்தில் கதவைத் திறக்கவே மறந்துவிட்டு உள்ளே ஓடிச் சொல்கிறாள். அதுவரை கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்து, "நீ பிதற்றுகிறாய்" என்றார்கள். பேதுரு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தின் இந்தக் காட்சி எனக்குப் பல வருடங்களாக ஆறுதல். பதில் வாசலில் வந்து நின்றபோதுகூட நம்ப முடியாதவர்களின் ஜெபத்தையும் தேவன் கேட்டார். "எனக்கு அவ்வளவு விசுவாசம் இல்லை, நான் ஜெபித்து என்ன ஆகப்போகிறது" என்று சொல்லும் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அந்த வீட்டுக்குள் அழைத்துப்போய் உட்காரவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்பட்டது. புதிதாக ஜெபிக்கத் தொடங்குகிறவர்களுக்கும், ஜெபித்து ஜெபித்துக் களைத்துப்போனவர்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

முதல் படி: விசுவாசத்தை அளந்து பார்ப்பதை நிறுத்துங்கள்

பலரும் விசுவாசத்தை ஓர் உணர்ச்சி என்று நினைக்கிறார்கள். நெஞ்சில் சந்தேகமே இல்லாமல் "நிச்சயம் நடக்கும்" என்று தோன்றினால்தான் ஜெபம் கேட்கப்படும் என்று எண்ணி, அந்த உணர்ச்சியை வரவழைக்கப் போராடுகிறார்கள். பாதி நேரம் அந்தப் போராட்டத்திலேயே போய்விடுகிறது.

மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறார். சிறுவயதுமுதல் வேதனைப்படும் மகன். சீஷர்களிடம் கொண்டுவந்தும் குணமாகவில்லை. இயேசுவிடம் அவர் கேட்பதே தயக்கத்தோடுதான்: உம்மால் ஏதாகிலும் செய்யக்கூடுமானால் உதவிசெய்யும் என்கிறார். விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்று இயேசு சொன்னவுடன், அந்த மனிதர் கண்ணீரோடு சத்தமிட்டு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்றார். ஒரே வாக்கியத்தில் விசுவாசமும் இருக்கிறது, அவிசுவாசமும் இருக்கிறது. இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை; "முழு விசுவாசம் வந்தபின் வா" என்று சொல்லவில்லை. பிள்ளையைக் குணமாக்கினார்.

கடுகுவிதையளவு போதும் என்று அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு இங்கேதான் புரிந்தது. விதை சிறியதா பெரியதா என்பது இரண்டாவது. அது எங்கே விழுகிறது என்பதே முக்கியம். அந்தத் தகப்பன் தன் சந்தேகத்தையும் சேர்த்து இயேசுவிடமே கொண்டுவந்தார். வேறு யாரிடமும் போகவில்லை. ஜெபிக்க உட்காரும்போது உங்கள் மனதில் சந்தேகம் இருந்தால், அதையே முதல் வரியாகச் சொல்லுங்கள். அவரிடம் அதைச் சொல்வதும் விசுவாசத்தில் சேர்ந்ததுதான்.

இரண்டாம் படி: நேரமும் இடமும்

இதை நீட்டி எழுத ஒன்றுமில்லை. தானியேல் தினம் மூன்று வேளை, மேலறையில், எருசலேமுக்கு நேராகத் திறந்த ஜன்னலுக்கு முன் முழங்காற்படியிட்டார். இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. முந்தின நாள் சாயங்காலம் பட்டணத்தார் எல்லாரும் வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள். ஓய்வுக்குக் காரணம் இருந்தது, ஆனாலும் எழுந்தார்.

நீங்கள் ஒரு மணி நேரம் என்று தொடங்க வேண்டாம். பத்து நிமிடம், ஆனால் தினமும் அதே பத்து நிமிடம், அதே நாற்காலி. கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். "கதவைப் பூட்டி" ஜெபம்பண்ணு என்று ஆண்டவர் சொன்னபோது இருந்த கதவு மரத்தால் ஆனது. இன்று நாம் பூட்டவேண்டிய முதல் கதவு அந்தத் திரைதான்.

மூன்றாம் படி: வேதத்தைத் திறந்தபின் வாயைத் திறங்கள்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்கள் நடத்தி, 1898-இல் இறக்கும் முன் 10,000-க்கும் அதிகமான பிள்ளைகளைப் பராமரித்தவர் ஜார்ஜ் முல்லர். பணம் தேவைப்பட்டபோது மனிதரிடம் கேட்காமல் தேவனிடம் மட்டுமே கேட்பது என்ற தீர்மானத்தோடு வாழ்ந்தவர். அப்படிப்பட்டவரே ஒன்றை ஒப்புக்கொண்டிருக்கிறார்: ஆரம்ப வருடங்களில் காலையில் முழங்காற்படியிட்டவுடன் ஜெபிக்க முயல்வாராம்; கால்மணி, அரைமணி நேரம் மனம் அலைந்துகொண்டே இருக்குமாம். 1841-இல் முறையை மாற்றினார். முதலில் வேதத்தை வாசித்துத் தியானிப்பது. வாசித்ததிலிருந்து ஜெபம் தானாக எழ விடுவது. அதன்பின் அந்தப் போராட்டம் பெரும்பாலும் தீர்ந்தது என்று சாட்சி சொல்கிறார்.

"விசுவாசம் கேள்வியினால் வரும்" என்று பவுல் எழுதியதும் இதைத்தான் சொல்கிறது. இங்கே கேள்வி என்றால் கேட்பது, செவியில் விழுவது. விசுவாசம் நமக்குள்ளிருந்து பிழிந்தெடுக்கும் சரக்காக இருந்தால் என்றைக்கோ தீர்ந்துபோயிருக்கும். அது வெளியிலிருந்து, அவருடைய வசனத்தின் வழியாக வருகிறது.

எப்படிச் செய்வது என்று ஒரு சங்கீதத்தை வைத்துக் காட்டுகிறேன். 13-ஆம் சங்கீதம், ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை மறைப்பீர், எதுவரைக்கும் நான் உள்ளுக்குள்ளே யோசித்துக்கொண்டே இருப்பேன், எதுவரைக்கும் என் சத்துரு உயர்ந்திருப்பான். இந்த நான்கில் உங்களுடையது எது என்று பாருங்கள். அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, உங்கள் காரியத்தின் பெயரைச் சொல்லி, அதே சொல்லால் கேளுங்கள்: "ஆண்டவரே, இந்த வேலையில்லாத நாட்கள் எதுவரைக்கும்?" பிறகு மூன்றாம் வசனத்துக்குப் போங்கள். "என் கண்களைத் தெளிவாக்கும்" என்று தாவீது கேட்கிறார். அழுது வீங்கி, தூக்கமில்லாமல் மங்கிப்போன கண்கள் அவை என்று நான் நினைத்துக்கொள்வேன். உங்கள் கண்களையும் அங்கே வையுங்கள். ஐந்தாம் வசனத்தில், சூழ்நிலையில் எதுவும் மாறியதாகச் சொல்லப்படாமலே, "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்கிறார். அந்த வரியைச் சொல்ல இன்று உங்களால் முடியவில்லையென்றால் நான்காம் வசனத்தோடு எழுந்துவிடுங்கள். நாளைக்கும் அதே சங்கீதம். ஒரே சங்கீதத்தில் மூன்று வாரம் இருந்தவர்களை எனக்குத் தெரியும். ஐந்தாம் வசனம் ஒருநாள் அவர்கள் வாயிலும் வந்தது.

நான்காம் படி: உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

நம்மில் பலருக்கு ஜெபத்துக்கென்று தனியாக ஒரு தமிழ் இருக்கிறது. வீட்டில் சாதாரணமாகப் பேசுகிறவர் கண்ணை மூடியவுடன் "கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் நல்ல பரலோக பிதாவே, இந்த வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று தொடங்குவார். சபையில் கூடி ஜெபிக்கும்போது அந்த மொழிக்கு அதற்குரிய அழகும் மரியாதையும் உண்டு. நம் முன்னோர் வேதத்திலிருந்து நமக்குக் கொடுத்த சொற்கள் அவை. ஆனால் தனியறையில் அதே சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியும். பத்து நிமிடம் தடையில்லாமல் ஜெபித்துவிட்டு, உண்மையில் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்த விஷயத்தை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எழுந்த நாட்கள் எனக்கு இருந்திருக்கின்றன. "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்ற எச்சரிப்பு எனக்குத்தான் என்று அப்போது புரிந்தது.

அன்னாளைப் பாருங்கள். சீலோவில், ஆலயத்தில், உதடுகள் மட்டும் அசைகின்றன, சத்தம் இல்லை. ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டிக்கிறார். அவளோ தான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ என்றும், கர்த்தருடைய சந்நிதியில் தன் இருதயத்தை ஊற்றிவிட்டதாகவும் சொல்கிறாள். குடத்தைக் கவிழ்த்து ஊற்றினால் அடியில் கிடக்கும் வண்டலும் சேர்ந்துதான் வரும். பிள்ளையில்லாத துக்கம், சக்களத்தி பெனின்னாளின் குத்தல் பேச்சு, வருடா வருடம் சாப்பிடாமல் அழுதது எல்லாம் அந்த ஜெபத்தில் இருந்திருக்கும்.

அதற்குப் பின் வரும் ஒரு சிறு வரியைப் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகிறார்கள். அவள் போய்ச் சாப்பிட்டாள், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை." சாமுவேல் இன்னும் பிறக்கவில்லை, கருவிலும் இல்லை. ஏலி சமாதானம் சொல்லி அனுப்பியிருந்தார், அவ்வளவுதான். ஜெபத்தின் வல்லமை எங்கே முதலில் வேலை செய்கிறது என்று என்னைக் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

ஐந்தாம் படி: தெளிவாகக் கேளுங்கள், அவருடைய வரிசையில் கேளுங்கள்

எரிகோவின் வழியருகே உட்கார்ந்திருந்த குருடனாகிய பர்திமேயுவிடம், "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்று இயேசு கேட்டார். பார்த்த எவருக்கும் தெரியும் அவருக்கு என்ன தேவை என்று. இருந்தும் அவர் வாயால் சொல்ல வைத்தார். "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று பொதுவாக முடித்துவிடாமல், இன்ன ஆளுக்கு, இன்ன காரியம் என்று சொல்லப் பழகுங்கள். அப்போதுதான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று நமக்கே தெரியும்.

வரிசைக்கு ஆண்டவர் கற்பித்த ஜெபமே போதும். பிதாவின் நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம் மூன்றும் முன்னால் வருகின்றன. பிறகுதான் ஆகாரம், மன்னிப்பு, தீமையினின்று விடுதலை. எனக்கு மிகவும் அவசரமான காரியம் இருக்கும் நாட்களில்கூட இந்த வரிசையை மாற்றாமல் இருக்கப் பழகியிருக்கிறேன். முதல் மூன்றைச் சொல்லிவிட்டு வரும்போது, நான்காவதாகக் கேட்கவந்த என் காரியம் சில நேரம் வேறு உருவம் எடுத்திருக்கும். தொடக்கம் முதல் "எங்கள்" என்றே அந்த ஜெபம் போகிறது என்பதையும் கவனியுங்கள். அதில் "என்" என்ற சொல்லே கிடையாது.

ஆறாம் படி: ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்

இடப்பக்கம் தேதியும் விண்ணப்பமும். வலப்பக்கம் காலியாக இருக்கட்டும். என்ன நடந்தது என்று தெரியும்போது தேதியோடு எழுதுங்கள். மறதி விசுவாசத்துக்குப் பெரிய எதிரி. கேட்டதைப் பெற்ற ஒரு வாரத்தில் கேட்டதையே மறந்துவிடுகிறோம். அடுத்த நெருக்கடியில் "தேவன் எனக்கு என்ன செய்தார்" என்று கேட்கிறோம். பழைய பக்கங்களைப் புரட்டினால் பதில் அங்கே இருக்கும். காலியாகக் கிடக்கும் வலப்பக்கங்களும் இருக்கும். அவற்றைக் கிழித்துவிடாதீர்கள்.

ஏழாம் படி: தடையை அகற்றுங்கள்

ஜெபிக்க நிற்கும்போது ஒருவன்மேல் குறை இருந்தால் மன்னியுங்கள் என்றார் இயேசு. காணிக்கையோடு வந்த இடத்தில் சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொன்னார். மனைவிக்குரிய கனத்தைக் கொடுக்காத கணவனின் ஜெபத்துக்குத் தடை வரும் என்று பேதுரு நேராகவே எழுதுகிறார். இதற்கு விளக்கம் தேவையில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு தேவைப்படலாம்.

எட்டாம் படி: பதில் வராதபோது

இந்தப் பகுதியில் அவசரப்படாமல் இருக்க விரும்புகிறேன்.

முதலில் சொன்ன அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரம் பேதுருவோடு தொடங்கவில்லை. யோவானின் சகோதரனாகிய யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொலைசெய்தான் என்று தொடங்குகிறது. அதே சபை, அதே நாட்கள், அதே ராஜா. ஒருவர் சிறையிலிருந்து நடந்து வெளியே வந்தார், ஒருவர் வரவில்லை. யாக்கோபுக்காக யாரும் ஜெபிக்கவில்லை என்றோ, அவருக்கு விசுவாசம் குறைவு என்றோ வேதம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. காரணமும் சொல்லவில்லை. நாமும் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பவுல் தன் சரீரத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. முள் அங்கேயே இருந்தது. கெத்செமனேயில் இயேசுவும் மூன்று முறை ஜெபித்தார். பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. பிதாவுக்கு மிகவும் பிரியமான குமாரனின் விண்ணப்பத்துக்கே அப்படி ஒரு பதில் உண்டென்றால், நம் ஜெபத்துக்கு "இல்லை" என்று வரும்போது நாம் தள்ளப்பட்டவர்கள் என்று எண்ண இடமில்லை.

சில நேரம் "இல்லை" என்பதற்குள் பெரிய "ஆம்" ஒன்று இருக்கும். 383-ஆம் ஆண்டு, பின்னாளில் சபையின் பெரிய போதகரான அகஸ்டின் கார்த்தேஜ் நகரை விட்டு ரோமாபுரிக்குப் போகத் துடித்தார். தாய் மோனிக்கா கூடாதென்று அழுதார். நண்பனை வழியனுப்பவே நிற்பதாகப் பொய் சொல்லி, தாய் இரவெல்லாம் ஜெபத்தில் இருந்தபோது மகன் கப்பலேறிவிட்டார். அன்றிரவு அந்தத் தாய் கேட்ட ஜெபம் கேட்கப்படவில்லை. ஆனால் அந்தக் கப்பல் கொண்டுபோன தேசத்தில்தான், மிலான் நகரில், அம்புரோஸ் என்ற பேராயரின் பிரசங்கத்தைக் கேட்டு அகஸ்டினின் மனம் திரும்பத் தொடங்கியது. 387-இல் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது தாயும் அவரோடு இருந்தார். அதே ஆண்டில் இறந்துபோனார். அவர் எப்போதும் கேட்டுவந்ததைக் கொடுக்கவே அன்று கேட்டதைத் தேவன் மறுத்தார் என்று பின்னாளில் மகன் எழுதினார்.

எல்லா "இல்லை"யும் இப்படி விளங்கிவிடுவதில்லை. என் அம்மாவின் வியாதிக்காக நான் 11 மாதம் ஜெபித்தேன். குணமாகவில்லை. கடைசி வாரத்தில் ஒரு மாலை 23-ஆம் சங்கீதம் வாசிக்கச் சொன்னார். "மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்" என்ற இடத்தில் எனக்குக் குரல் நின்றுவிட்டது. சற்று நேரம் பார்த்துவிட்டு, அம்மா தாமே மீதியைச் சொன்னார்: "பொல்லாப்புக்குப் பயப்படேன், தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." என் நோட்டின் வலப்பக்கத்தில் அந்த வரியும் தேதியும் இருக்கின்றன. நான் கேட்டதற்கு அது பதில் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பக்கம் காலியாக இல்லை.

இங்கே கண்டிப்பாக ஒன்று சொல்லியாக வேண்டும். வியாதியாய் இருக்கிறவரிடம் "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்லாதீர்கள். விசுவாசத்தின் பேரில் மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். தன்னோடு பயணம்செய்த துரோப்பீமுவை வியாதியோடே மிலேத்து பட்டணத்தில் விட்டுவந்ததாகப் பவுல் எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். அவருடைய உடன் ஊழியர் லூக்கா ஒரு வைத்தியர். மனம் உடைந்து சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் கொடுத்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டுத் தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். களைத்துப்போனவர்களுக்குச் சில நாட்களில் தூக்கமும் உணவும் மருத்துவரும் ஜெபத்தின் பதிலில் ஒரு பங்கு.

ஜெபிக்கவே வார்த்தை வராத நாட்களில் பெருமூச்சு போதும். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல்செய்கிறார் என்ற ரோமர் 8:26 அந்த நாட்களுக்காகவே எழுதப்பட்டது.

ஒன்பதாம் படி: எழுந்துபோய்ச் செய்யுங்கள்

எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்துகிடக்கிறது என்று கேட்டபோது, பெர்சிய ராஜாவின் அரண்மனையில் பணிசெய்த நெகேமியா கிஸ்லேயு மாதத்திலிருந்து நிசான் வரை, ஏறக்குறைய நான்கு மாதம், ஜெபத்தில் காத்திருந்தார். ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்று கேட்ட கணத்திலோ, பரலோகத்தின் தேவனை நோக்கி ஒரு மூச்சு ஜெபம். உடனே வாயைத் திறந்து விடுப்பும் கடிதங்களும் மரமும் கேட்டார். எதிரிகள் சூழ்ந்தபோது ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். வேலைக்காக ஜெபித்தால் விண்ணப்பத்தையும் அனுப்புங்கள். அண்டைவீட்டாரின் பசிக்காக ஜெபித்தால் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

பத்தாம் படி: தனியாகச் சுமக்காதீர்கள்

உங்களுக்காகத் தவறாமல் ஜெபிக்க இரண்டு பேரைத் தேடுங்கள். அவர்களுக்காக நீங்களும் ஜெபியுங்கள். சொன்னதை வெளியே சொல்லாதவர்களாக இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு முறை, நேரிலோ தொலைபேசியிலோ, ஆளுக்கு ஒரு காரியம் சொல்லிப் பதினைந்து நிமிடம் ஜெபித்தால் போதும். எனக்கு அப்படி இருவர் இருக்கிறார்கள். அம்மா இறந்தபின் இரண்டு மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை என்று அவர்களிடம் சொன்னேன். உபதேசம் எதுவும் செய்யவில்லை. "சரி, அதுவரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள்.

கப்பர்நகூமில் ஒரு திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்தார்கள். கூட்டத்தினிமித்தம் வாசலில் நுழைய முடியாமல் மேற்கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்கினார்கள். படுத்திருந்தவர் ஒரு வார்த்தை பேசியதாகவோ, விசுவாசித்ததாகவோ மாற்கு தனியாகக் குறிப்பிடவில்லை. இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்றுதான் இருக்கிறது.